வெயிலண்ணே வாங்கிய போன்

இந்த நாட்டில் விளக்கு வெளிச்சத்தை நம்பாத ஒரே தமிழர் எங்கள் வெயிலண்ணேதான். டியூப் லைட்டோ, குண்டு பல்போ, புதிதாக வந்த எல்.இ.டி.யோ, எதுவாக இருந்தாலும் அவருக்கு அது பித்தலாட்டம். அவர் கணக்கில் உலகத்தில் சூரியன் ஒருவன்தான் யோக்கியன். மற்றதெல்லாம் கடைக்காரன் பக்கம் சாய்கிற சாட்சிகள்.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் என் வீட்டுக்கு எதிர் வீடு அவருடையது. மஸ்ஜித் இந்தியா என்கிற கடைத்தெருவில் ஒரு சேலைக் கடையில் முப்பது வருஷமாக வேலை. அவருக்கு ஒரு நிஜப் பெயரும் இருக்கிறது, அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை.

சேலை வாங்கப் போகிற பெண்கள் எல்லோரும் ஒரு காரியம் செய்வோம். பிடித்த சேலையைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பார்ப்போம். மற்ற கடைகளில் அதற்குக் கெஞ்ச வேண்டும். வெயிலண்ணே கடையில் அவரே கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார்.

"உள்ள பாத்தது சேலை இல்லம்மா, லைட்டு. வெளிய வாங்க, சேலைய பாப்போம்."

வெளியே வந்து பார்த்த பிறகு பாதிப் பேருக்கு அந்தச் சேலை பிடிக்காமல் போய்விடும். முதலாளி கல்லாவில் உட்கார்ந்தபடி பல்லைக் கடிப்பார். ஆனால் ஒன்று, அந்தக் கடையில் வாங்கிய சேலை கலர் சரியில்லை என்று திரும்பி வந்ததே கிடையாது. அந்தப் பெருமையில்தான் வெயிலண்ணே தரையில் கால் பாவாமல் நடப்பார். அடக்கம் என்கிற சரக்கை அவர் கடையிலும் விற்றதில்லை, வீட்டிலும் வைத்திருந்ததில்லை.

இந்தப் பழக்கம் சேலையோடு நின்றிருந்தால் நான் ஏன் இதை எழுதப் போகிறேன்? காய்கறிப் பாசாரில் கத்தரிக்காயைக் கூரைக்கு வெளியே கொண்டுபோய்த்தான் பார்ப்பார். மாமாக் சாப்பாட்டுக் கடையில் மீன் கறியைத் தட்டோடு தூக்கிக்கொண்டு நடுரோட்டுக்கு வந்து, "இது நேத்து வச்ச கொழம்பு, உள்ள தெரியல" என்று சத்தமாக அறிவித்திருக்கிறார். ஒருமுறை சரசு அக்காவுக்கு, அதாவது அவருடைய மனைவிக்கு, சங்கிலி வாங்க நகைக்கடைக்குப் போனார். பழக்க தோஷம். சங்கிலியைக் கையில் தொங்கவிட்டபடி நேராக வாசலுக்கு நடந்துவிட்டார். துப்பாக்கி வைத்திருந்த காவலாளி பாய்ந்தார், ஷட்டர் தடதடவென்று இறங்கியது, உள்ளே மாட்டிக்கொண்ட பெண்கள் அலறினார்கள். இவர் ஷட்டருக்கு வெளியே நின்று, "சரசு, தங்கம் நல்ல தங்கம்தான், வாங்கிக்கலாம்" என்று உள்ளே குரல் கொடுத்துக்கொண்டிருந்தாராம்.

அவர் பெண் பார்க்கப் போன கதை அதைவிட மோசம். சரசு அக்காவே என்னிடம் சொன்னது. காபி கொடுத்து, கும்பிட்டு, எல்லாம் முடிந்த பிறகு மாப்பிள்ளை மெதுவாக, "பொண்ண கொஞ்சம் வாசலுக்கு வரச் சொல்லுங்க, வெயில்ல பாக்கணும்" என்றாராம். அக்காவின் அப்பா செருப்பைத் தேடினார். "ஐயோ மாமா, பொண்ணுல சந்தேகம் இல்ல, அந்தச் சேலைல சந்தேகம்! பச்சைன்னு சொல்லி வித்திருக்கான், அது பச்சை இல்ல" என்று இவர் அலறினார். அக்கா தானாகவே விடுவிடுவென்று வாசலுக்கு வந்து நின்றார்.

"நீங்களும் வெளிய வாங்க. உங்க சட்டை வெள்ளையா மஞ்சளான்னு எனக்கும் சந்தேகம்."

அந்த இடத்திலேயே கல்யாணம் முடிவாகிவிட்டது என்று அக்கா இன்றைக்கும் சொல்கிறார். சட்டை மஞ்சள்தானாம்.

இப்படி நிம்மதியாக வெயில் காய்ந்துகொண்டிருந்த மனிதர் வாழ்க்கையில் போன் வந்து விழுந்தது. கொண்டுவந்தது அவர் இல்லை, முதலாளி. எழுபது வயதில் முதலாளிக்கு லைவ் பைத்தியம் பிடித்தது. பக்கத்துக் கடைக்காரன் போனுக்கு முன்னால் நின்று கத்திக் கத்திச் சேலை விற்பதைப் பார்த்தவருக்குத் தூக்கம் போயிற்று. மறுநாளே தன்னுடைய பழைய போனை ஒரு ஸ்டூலில் சாய்த்து வைத்து, "அக்காமாரே, தங்கச்சிமாரே" என்று ஆரம்பித்துவிட்டார். சேலையைப் பிரித்துக் காட்டுவதும் கலரைச் சொல்வதும் வெயிலண்ணே வேலை.

"அரக்கு" என்பார். எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு அக்கா அதைக் கேட்டுவிட்டுப் பணத்தை அனுப்புவார். வாசலும் இல்லை, வெயிலும் இல்லை. இது வம்பில்தான் முடியும் என்று வெயிலண்ணே அன்றைக்கே சொன்னார்.

சொன்னது சரியாகத்தான் போயிற்று. கிள்ளானில் ஒரு ஆன்டி, மகன் கல்யாணத்துக்கு வீட்டுப் பெண்கள் எல்லோரும் ஒரே மாதிரி கட்டவேண்டும் என்று அந்த அரக்குச் சேலையை மொத்தமாக எடுத்தார். பார்சல் போய்ச் சேர்ந்த அன்றைக்கே அந்த வீட்டில் போர். மூத்த நாத்தனார், தான் போனில் பார்த்தது மெரூன் என்றார். இளையவர் மிளகாய்ச் சிவப்பு என்றார். இன்னொருவர் பிரவுன் என்று சத்தியம் செய்தார். ஒவ்வொருவரும் தங்கள் போனை ஆதாரமாக நீட்டினார்கள். அதில்தான் வேடிக்கை, ஒவ்வொரு போனிலும் அவரவர் சொன்ன கலர்தான் தெரிந்தது.

சேலைகளைப் பையில் திணித்துக்கொண்டு மொத்தக் குடும்பமும் கொமுட்டர் ரயில் ஏறிக் கடைக்கு வந்துவிட்டது.

"என்ன அண்ணே வெளையாடுறீங்களா? போன்ல ஒரு கலர் காட்டி, வீட்டுக்கு வேற கலர் அனுப்புறீங்க!" என்று ஆன்டி சேலைகளைக் கல்லாமேல் கொட்டினார்.

"ஒரே கலர்தாம்மா. வெளிய வாங்க, வெயில்ல பாப்போம்" என்று வெயிலண்ணே தன் ஒரே ஆயுதத்தை எடுத்தார். வெளியே கொட்டு கொட்டென்று மழை.

அன்றைக்குச் சாயங்காலம் முதலாளி கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். "இங்க பாரு வெயிலு, என் பழைய போன்தான் கோளாறுங்கறாங்க. நாளைக்கே போயி நல்ல ஸ்கிரீனா பாத்து நீயே ஒரு போன் வாங்கிட்டு வா. விலை கூடுனது வாங்கினாலும் சரி. ஆனா தீபாவளி வியாபாரத்துல கலர் மாறிப்போச்சுன்னு ஒரு சேலை திரும்பி வந்துச்சு, அப்புறம் நீ பிரிக்பீல்ட்ஸ்லயே உக்காந்து வெயில் காஞ்சுக்க."

சரசு அக்கா என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகத்தில் சிரிப்பே இல்லை.

"நீ அவரு கூட போயிட்டு வாயேன். அவருக்குப் போனப் பத்தி என்ன தெரியும்? அந்த வாசல் இல்லன்னா மனுசன் உக்காந்த எடத்துலயே ஒடஞ்சு போயிருவாரு."

எனக்கு மட்டும் பெரிதாக என்ன தெரியும்? இருந்தாலும் போனேன்.

போன் கடைக்குள் வெயிலண்ணே ஒரு பெரிய பையோடு நுழைந்தார். அதிலிருந்து அந்த அரக்குச் சேலையை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் விரித்தார். கடைக்காரப் பெண், இருபது வயது இருக்கும், நம் பிள்ளைதான், அப்படியே திகைத்து நின்றாள்.

"அங்கிள், இது போன் கடை லா."

"தெரியும்மா. இந்தச் சேலைய எந்தப் போன் ஒழுங்கா காட்டுதோ அத எடு."

அவள் இரண்டு போன்களைக் காட்டினாள். ஒன்று எழுநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட். இன்னொன்று ஐயாயிரத்தைத் தாண்டியது. இரண்டிலும் சேலையைப் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். மலிவுப் போனில் சேலை துவைத்துக் காயப்போட்ட மாதிரி பளபளப்பில்லாமல் இருந்தது, ஆனால் கலர் அதே அரக்கு. விலை கூடியதில் அதே சேலை தகதகவென்று எரிந்தது. ஜரிகை கண்ணைப் பறித்தது. எனக்கே வாங்கவேண்டும் போல ஆகிவிட்டது.

"அண்ணே, இதுதான்! என்ன ஸ்கிரீன் பாருங்க!" என்றேன்.

வெயிலண்ணே உதட்டைப் பிதுக்கினார். "அழகா இருக்கு தங்கச்சி. ஆனா இது எங்க கடைச் சேலை இல்ல. இந்தச் சேலைய நான் பொறந்ததுலேருந்து பாத்ததில்ல."

"அங்கிள், அதுல செட்டிங் இருக்கு. நேச்சுரல்னு மாத்தினா கலர் சரியா வரும்" என்றாள் பெண்.

"பொய் சொல்றவன்கிட்ட போயி, 'ஐயா, இன்னிக்கு ஒரு நாள் உண்மை பேசுங்க'ன்னு கெஞ்சச் சொல்றியா? மலிவு போன் யோக்கியமா இருக்கு. எதுக்கும் ரெண்டையும் வெயில்ல பாத்துருவோம்."

சொல்லி முடிப்பதற்குள் இரண்டு கையிலும் இரண்டு போன்களோடு அவர் வாசலை நோக்கி நடந்துவிட்டார். காட்சிக்கு வைக்கிற போன்களில் வயர் கட்டியிருப்பார்கள் என்று அவருக்கு யார் சொல்வது? வயர் விறைத்தது, பிறகு அறுந்தது, அதற்குப் பிறகு அந்தக் கட்டடமே அலறியது. ஒரு நேப்பாளிப் பாதுகாவலர் ஓடி வந்தார். நான் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டேன். அந்த அரக்குச் சேலையால்தான்.

"தம்பி, நல்ல நேரத்துல வந்தீங்க. இந்தா, சேலைய இப்படிப் பிடிங்க" என்று இரண்டு போன்களையும் ஒரே கையில் அடுக்கிக்கொண்டு, என் முகத்தை மூடியிருந்த சேலையின் மறு நுனியைப் பாதுகாவலர் கையில் கொடுத்தார் வெயிலண்ணே. அந்த நேப்பாளிக்குத் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பிடித்துக்கொண்டார். வெயிலண்ணே குரலில் அப்படி ஒரு அதிகாரம்.

வெயிலில்தான் நிஜமான சோதனை வந்தது. மலிவுப் போன் வெளிச்சம் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டது. திரை கறுத்து, அதில் வெயிலண்ணேயின் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. விலை கூடிய போனோ உச்சி வெயிலிலும் பளிச்சென்று சேலையைக் காட்டியது. அதே பொய்க் கலரில்.

வெயிலண்ணே இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். வாழ்க்கையில் முதல்முறையாக சூரியன் அவரைக் கைவிட்டுவிட்டது.

"என்ன தங்கச்சி இது? பொய் சொல்றவன் வெயில்ல நிக்கிறான். உண்மை சொல்றவன் வெயில பாத்தாலே ஓடுறான்."

கடைக்காரப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, போன்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவரைப் பக்கத்து மாமாக் கடையில் உட்காரவைத்தேன். நுரை பொங்க ஆற்றிய டீ, தே தாரேக், வந்தது. அப்போதுதான் என் வாய் சும்மா இருக்காமல் அந்த விஷயத்தைச் சொன்னது.

"அண்ணே, நீங்க எந்தப் போன் வாங்கினா என்ன? கிள்ளான் ஆன்டி உங்க ஸ்கிரீன்லயா சேலைய பாக்கறாங்க? அவங்க போன்லதானே பாக்கறாங்க."

அவர் தே தாரேக்கைக் கீழே வைத்தார்.

"அப்படின்னா?"

"அவங்கவங்க வீட்டுல அவங்கவங்க போன். ஒண்ணு மலிவு, ஒண்ணு விலை கூடினது, ஒண்ணு ஸ்கிரீன் ஒடஞ்சது. ஒவ்வொண்ணுலயும் ஒவ்வொரு கலர்."

அவர் மடியிலிருந்த அரக்குச் சேலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். பிறகு மெல்ல, "அப்ப வாசல்ல எனக்கு என்ன வேலை?" என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்று இருந்தது.

கடைக்காரர் காசுக்கு வந்து நின்றார். வெயிலண்ணே பையிலிருந்து ஒரு பத்து வெள்ளி நோட்டை எடுத்து நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. நோட்டைத் திரும்ப இழுத்து, மடியிலிருந்த அரக்குச் சேலைமேல் வைத்தார். சிவப்பு நோட்டு. அதைப் பார்த்தார், சேலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"தங்கச்சி, பத்து வெள்ளி நோட்டு எல்லா வீட்டுலயும் ஒரே கலருதானே?"

"ஆமா. அதுக்கு என்ன?"

"பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கலரு, கிள்ளான்ல ஒரு கலருன்னு கெடையாதே?"

"பாஸ், காசு" என்றார் கடைக்காரர்.

"இருங்க லா!" என்று சீறிவிட்டு வெயிலண்ணே எழுந்தார். காசை நான்தான் கொடுத்தேன். அவர் அதற்குள் போன் கடைக்குள் புகுந்துவிட்டார். அந்தப் பெண் அவரைக் கண்டதும் எல்லா வயர்களையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இவர் நோட்டை இரண்டு போனிலும் படம் எடுக்கச் சொல்லிப் பார்த்தார். மலிவுப் போனில் நோட்டு கையில் இருந்த மாதிரியே இருந்தது, விலை கூடியதில் அப்போதுதான் அச்சடித்து வந்த மாதிரி ஜொலித்தது. "இந்த நோட்ட பாசார்ல குடுத்தா கள்ள நோட்டுன்னு புடிச்சிருவான்" என்று சொல்லி, எழுநூறு வெள்ளிப் போனை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அறுந்த வயருக்கும் சேர்த்துக் கொடுத்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை லைவ். நான் அலுவலகத்தில் வேலை பார்ப்பது போல நடித்துக்கொண்டு போனைத் திறந்தேன். முதலாளி மலிவுப் போனைப் பார்த்துக் கடுப்பில் இருந்தார், குரலிலேயே தெரிந்தது. வெயிலண்ணே சேலையை விரித்து, அதன்மேல் பத்து வெள்ளி நோட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி நின்றார். அவ்வளவுதான். ஒரு விளக்கமும் இல்லை. எல்லோருக்கும் புரிந்துவிடும் என்று நினைத்துக்கொண்டார் மகானுபாவர்.

கீழே கருத்துகள் மழையாகக் கொட்டின.

"பத்து வெள்ளியா? எனக்கு நாலு!"

"தீபாவளி ஆஃபரா அண்ணே? எனக்கு ஒம்பது பிடிச்சு வைங்க!"

"என் மாமியாருக்கும் சேத்து!"

முதலாளி திரையின் ஓரத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது எனக்குத் தெரிந்தது. வெயிலண்ணே பதறிப்போய் இரண்டு கையையும் ஆட்டினார்.

"அம்மா! அம்மா! சேலை பத்து வெள்ளி இல்ல! கலருதான் பத்து வெள்ளி! ஐயோ, எல்லாரும் உங்க பர்ஸ்லேருந்து ஒரு பத்து வெள்ளி நோட்ட எடுங்க. எடுத்தீங்களா? அத உங்க போனுக்குப் பக்கத்துல வைங்க. நான் காட்டுற நோட்டும் உங்க நோட்டும் ஒரே மாதிரி இருந்தா, நீங்க பாக்கற சேலை கலரும் சரி. இல்லாட்டி உங்க போன் உங்கள ஏமாத்துது!"

ஒரு நிமிஷம் ஒரு கருத்தும் வரவில்லை. நாடு முழுக்கப் பெண்கள் பர்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்கள் போலிருக்கிறது. நானும்தான் தேடினேன். பிறகு முதல் கருத்து வந்தது. கிள்ளான் ஆன்டி!

"அண்ணே, என் போன்ல நோட்டு ஆரஞ்சா தெரியுது."

"அப்ப உங்க மகன் போன வாங்கிப் பாருங்கம்மா!"

"அவன் போன்ல சரியா தெரியுது அண்ணே. சேலையும் நல்லாத்தான் இருக்கு. ஐயோ அலாமாக், நாங்கதான் சண்ட போட்டுட்டோம்."

திருப்பிக் கொடுத்த சேலைகளை அடுத்த ரயிலிலேயே வந்து அந்தக் குடும்பம் அள்ளிக்கொண்டு போயிற்று. அந்தத் தீபாவளிக்குக் கலர் மாறிப்போச்சு என்று ஒரு சேலைகூட திரும்பி வரவில்லை. பச்சைச் சேலைக்கு ஐந்து வெள்ளி நோட்டு, நீலத்துக்கு ஒரு வெள்ளி, ஊதாவுக்கு நூறு வெள்ளி. அந்த நூறு வெள்ளியை மட்டும் முதலாளி அவர் கையில் கொடுக்காமல் தானே பிடித்துக்கொண்டார். விலைப் பலகையைப் பெரிதாக எழுதி நோட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கவும் விட்டார். வெயிலண்ணே தன் வாசலுக்கே போய் நின்றுகொண்டார். லைவும் அன்றிலிருந்து வாசலில்தான்.

எனக்கு மட்டும் அந்த ஐயாயிரம் வெள்ளித் திரை கண்ணைவிட்டுப் போகவில்லை. போன மாதம் போனஸ் வந்ததும் அவருக்குத் தெரியாமல் போய் அதையே வாங்கிவிட்டேன்.

வாங்கிய வாரத்தில் அவருக்கு டிங்கிக் காய்ச்சல். ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு கிள்ளான் பக்கம் பண்டமாரானில் இருக்கிற மகள் வீட்டுக்குப் போனார். கடை வாசலில் அவர் ஸ்டூல் காலியாகக் கிடந்தது. முதலாளி அதில் யாரையும் உட்கார விடவில்லை. நான் வீடியோவில் கூப்பிட்டேன். என் புதுப் போனில் வெயிலண்ணே மாப்பிள்ளை மாதிரி ஜம்மென்று இருந்தார்.

"ஒண்ணும் இல்ல தங்கச்சி, நல்லா இருக்கேன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "அண்ணே, பத்து வெள்ளி நோட்டு இருக்கா? முகத்துக்குப் பக்கத்துல பிடிங்க" என்றேன். பிடித்தார். திரையில் அந்த நோட்டு ரத்தச் சிவப்பாக இருந்தது. என் கையில் இருந்த நோட்டு அப்படி இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் ரயிலில் கிளம்பிவிட்டேன். மகள் வீட்டுக் கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் சரசு அக்கா, தலைக்குமேல் டியூப் லைட்.

"வெளிய வாங்கண்ணே. வெயில்ல பாக்கணும்."

சரசு அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெயிலண்ணே என் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல வாசலுக்கு வந்து நின்றார். கன்னம் ஒட்டியிருந்தது. முகத்தில் ரத்தமே இல்லை.

"என்ன, கலரு எப்படி இருக்கு?" என்றார்.

"அப்படியே இருக்கீங்கண்ணே. கொஞ்சம்கூட மாறல."

என்னை உற்றுப் பார்த்தார். கண்ணில் அந்தப் பழைய குறும்பு இருந்தது. "அந்த விலை கூடுன போன வாங்கிட்டல்ல? உன் பேச்சுலயே தெரியுது."

ஆமாம், பொய்தான். இந்த மனிதர் மறுபடி அந்த வாசலில் வந்து நிற்கிற வரைக்கும் வாரா வாரம் ரயில் ஏறிப் போய் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டிருப்பேன்.